சரக்கு வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா?

கேள்வி: "எங்களிடம் 1.3 டன் பிக்கப் வண்டி இருக்கிறது. தக்காளி, முருங்கை ஏற்றிச் சந்தைக்குப் போகிறோம். தோட்டம் கரிசல் கலந்த மண். போன ஐப்பசி மழையில் இரண்டு முறை சரக்கோடு சிக்கி, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது டயர் மாற்றும் நேரம். வண்டியில் இருப்பது 215/75 ஆர் 15. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் உயரமும் கூடும், அகலமும் கூடும், சேற்றில் சிக்காது என்கிறான் என் மகன். டயர் கடைக்காரரும் 'அப்படியே உட்காரும்' என்கிறார். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் எதையும் மாற்றவில்லை, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. நகைக்கடனை இப்போதுதான் திருப்பினோம். இன்னொரு முறை வைத்துத்தான் டயர் வாங்க வேண்டும். பெரிய டயர் போடலாமா?"

– வாசகி, ஒட்டன்சத்திரம் பகுதி

பதில்: போட வேண்டாம். அதே 215/75 ஆர் 15 அளவில், எடை தாங்கும் எண் குறையாத டயராக வாங்குவதே இந்த வண்டிக்குச் சரி. பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் பட்டன் சற்று ஆழமான டயர் எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில், வண்டி சிக்குகிற அந்த இடத்தில் கிராவல் கொட்டலாம். ஆனால் காரணம் சொல்லாமல் இப்படி மட்டும் சொன்னால் மகன் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆகவே கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள 215 என்பது அதன் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதை வைத்துக் கணக்கிட்டால் 215/75 ஆர் 15 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 டயருக்கு 733. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். இதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். தரைக்கும் வண்டிக்கும் இடையில் கூடுவது வெறும் 15 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு விரல் தடிமன்தான்.

அந்த விரல் தடிமனும் வீண் அல்ல. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் வண்டிப்பாதையின் நடுமேட்டில் முதலில் இடிக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்தால் பாடி உயரும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை அறியாமல் பட்டை சேர்த்துவிட்டு, "உயர்த்தியும் இடிக்கிறதே" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. உயரம் விஷயத்தில் மகன் சொல்வது சரிதான். ஆனால் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டர். மழைக்காலக் கரிசலில் சக்கரம் புதைவது சாண் கணக்கில்.

அகலம் கூடினால் புதையாது என்பதுதான் பலரும் நம்பும் விஷயம். இங்கேதான் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஒரு டயர் மண்ணை எவ்வளவு அழுத்தும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். 50 பாயிண்ட் காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ. ஒரு சக்கரத்தின்மேல் 1,000 கிலோ இருந்தால், மண்ணைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 285 சதுர சென்டிமீட்டர். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைவிடச் சிறியது. டயரை அகலமாக்கி அதே 50 பாயிண்ட் வைத்தால் பரப்பு பெரிதாகக் கூடாது. அதன் வடிவம் மாறும், அவ்வளவே. நீளம் குறைந்து அகலம் கூடும். மண்ணுக்கு அழுத்தம் கிட்டத்தட்ட அதேதான். குறைய வேண்டுமானால் காற்றைக் குறைக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் தாங்கும் எடையும் குறையும். சரக்கு ஏற்றிய வண்டியில் அது முடியாத காரியம்.

அடுத்தது எடை. எல்லாவற்றையும்விட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். 1.3 டன் வண்டி என்றால் சரக்கு 1,300 கிலோ. சந்தைக்குப் போகும் தக்காளிப் பெட்டி ஒன்றில் 14 கிலோ பழம். பெட்டியின் எடை ஒன்றரைக் கிலோ என்று வைத்தால் 15.5 கிலோ. ஆக 83 பெட்டிதான் கணக்கு. ஆனால் விலை நன்றாக இருக்கும் நாளில் 100 பெட்டிக்குக் குறைந்து யார் ஏற்றுகிறார்கள்? 100 பெட்டி என்றால் 1,550 கிலோ. 250 கிலோ கூடுதல். பெட்டியின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, வண்டி சேர்த்துக்கொள்கிறது.

வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்த்து 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை என்ற இடத்தில் இருக்கும். சரக்கு ஏற்றிய பிக்கப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழும். 2,000 கிலோ. ஒரு பின் டயருக்கு 1,000 கிலோ. இதுவும் அளவோடு ஏற்றினால்தான்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து இரண்டு அல்லது மூன்று இலக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் எடைக்கு, எழுத்து வேகத்துக்கு. 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. "108/106" என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் ஜோடியாகப் பூட்டும் இரட்டைச் சக்கரத்துக்கு. 235/75 ஆர் 15 அளவில் கடைகளில் அதிகம் கிடைப்பது ஜீப் வகைக் கார்களுக்கான டயர். அதில் 105 எஸ் என்று இருப்பது சாதாரணம். அதாவது 925 கிலோ. பார்வைக்குத் தடியாக, பட்டன் முரட்டுத்தனமாக இருக்கும். தாங்க வேண்டிய 1,000 கிலோவை அது தாங்காது. சரக்கு வண்டிக்கென்று செய்யும் எல்டி டயரின் பக்கச் சுவர் கனமானது, அதிகக் காற்றைத் தாங்கும். 8 பிஆர் என்பது போன்ற குறி அந்தப் பலத்தைச் சொல்வது. கார் வகை டயருக்கு அவ்வளவு காற்று அடிக்கவும் கூடாது. அளவில் பெரிய டயர் பலத்தில் சிறியதாக இருக்கலாம் என்பது கடையில் கண்ணால் பார்த்தால் தெரியாது, எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பழைய டயரில் இருக்கும் எடை எண்ணையும் பிஆர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். புதிய டயரில் அவை சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் மாற்றிவிட்ட பழைய வண்டி என்றால் அந்த டயரை நம்பாமல், ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டையோ வண்டியோடு கொடுத்த கையேட்டையோ பார்க்க வேண்டும். அந்த வண்டிக்கு நிறுவனமே இரண்டு அளவுகளைக் குறிப்பிட்டிருந்தால், இரண்டில் எதையும் போடலாம். அப்போது ரிம் அகலம் இரண்டுக்கும் ஒன்றுதானா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரிம்மிலேயே 5.5 ஜே, 6 ஜே என்று பொறித்திருக்கும். 235/75 ஆர் 15 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். ஐந்தரை அங்குல ரிம்மில் அதை ஏற்றினால் ஓரம் சரியாக உட்காராது, நடுப்பகுதி வேகமாகத் தேயும்.

"அப்படியே உட்காரும்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் கடையில் வண்டி வெறுமையாக, சமதளத்தில் நிற்கிறது. ஸ்பிரிங் மாற்றாத வண்டியில் சரக்கு ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். பெரிய டயர் மேலே ஒன்றரை சென்டிமீட்டரும், இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கூடுதல் இடம் கேட்கும். முழுச் சரக்கோடு ஒரு குழியில் இறங்கும்போது பின்னால் மட்கார்டில் உரசுகிறதா, முன்னால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பள்ளத்தில் திருப்பும்போது உள் மட்கார்டிலோ கம்பியிலோ உரசுகிறதா என்பதுதான் கேள்வி. டயரின் உள்பக்கத்தில் உரசினால் வெளியே தெரியாது. பல நாள் உரசி நூல் தெரியும்போதுதான் கவனிப்பார்கள்.

இன்னும் இரண்டு நஷ்டம் உண்டு. விட்டம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுவதால் இன்ஜினின் இழுவை சக்கரத்தில் அதே அளவு குறையும். சேற்றில் சிக்கிய நேரத்தில் வேண்டியது இழுவைதான், அதைப் போய்க் குறைத்துக்கொள்வதா? பிரேக்கும் அப்படியே. பெடலை அதே பலத்தில் மிதித்தாலும் பிடிப்பு சற்றுக் குறையும். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.5 கிலோமீட்டருக்கு மேல் போகும். மீட்டர் 10,000 கிலோமீட்டர் காட்டும்போது ஓடியது 10,400க்கு மேல். ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும், டீசல் அதிகம் குடிப்பது போலவும் தோன்றும்.

"அப்படியானால் நடுவில் 225/75 ஆர் 15 போடலாமே" என்று அடுத்து கேட்கத் தோன்றும். அதன் விட்டம் 718. தரை இடைவெளியில் கூடுவது ஏழரை மில்லிமீட்டர். அதற்காக ஸ்டெப்னியோடு ஐந்து டயர் மாற்ற வேண்டுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம். ஆம், நான்கு அல்ல, ஐந்து. பின் அச்சில் ஒரு பக்கம் பெரிய டயரும் மறுபக்கம் சிறிய ஸ்டெப்னியும் பூட்டி வெகுதூரம் ஓட்டினால் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் நான்கு டயருக்குத்தான் விலை சொல்லியிருப்பார்.

சட்டமும் இதில் வருகிறது. வண்டியைப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக மாற்றக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. எஃப்சி காட்டப் போகும்போது கேள்வி வரலாம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும்.

சரி, சேற்றுக்கு என்ன வழி? இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும். எனவே பட்டன் பின்னால்தான் வேலை செய்கிறது. பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அகலமாக உள்ள டயர் சுழலும்போது ஒட்டிய மண்ணை உதறிவிடும். இடைவெளி குறுகிய கோட்டு டயரில் களிமண் அடைத்துக்கொண்டு டயர் உருளைபோல் வழவழப்பாகிவிடும். அதே 215/75 ஆர் 15 அளவில் பின்னால் இரண்டும் இப்படிப்பட்ட டயர், முன்னால் இரண்டும் கோட்டு டயர் என்று போடலாம். ஒன்றை மறக்கக் கூடாது. பட்டன் முரடாக முரடாக நனைந்த தார் ரோட்டில் பிடிப்பு குறையும், சத்தமும் கூடும், தேய்மானமும் வேகம். ஓட்டத்தில் பெரும்பகுதி சந்தைக்குப் போகும் தார் ரோடு என்றால் நடுத்தரப் பட்டன் போதும். கடைசிக் கோடியில் அரை பர்லாங்கு சேற்றுக்காக வருடம் முழுவதும் தார் ரோட்டில் டயரைக் கரைப்பது லாபமில்லை.

அந்த அரை பர்லாங்கைச் சீர்செய்வதுதான் மலிவு. தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி வடியவிட்டு, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, உடைந்த செங்கல், அதன்மேல் கிராவல் கொட்டி மிதித்தால் இரண்டு மூன்று மழை தாங்கும். தண்ணீரை வடிக்காமல் கிராவல் கொட்டினால் கரிசல் அதை விழுங்கிவிடும்.

வண்டியை வயலுக்குள் இறக்குவதையும் மழைக்காலத்தில் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன மூன்றரை கிலோ அழுத்தம் ஈர மண்ணில் விழுந்தால் அடியில் இறுகிப்போகும். அடுத்த பயிரின் வேர் அந்த இடத்தில் இறங்காது, தண்ணீரும் நிற்கும். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் தடவை ஓடும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று ஓட்டினால் கெடுவது முழு வயல். எப்போதும் ஒரே தடத்தில் ஓட்டி, பெட்டிகளை அந்தத் தடத்துக்குத் தூக்கி வருவது நல்லது. கூலி கொஞ்சம் கூடும். தக்காளிச் செடி வாடிய வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூலி பெரிதாகத் தெரியாது.

சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். முதலில் சரக்கை இறக்கிவிட்டு, பின் சக்கரத்தின் முன்னால் தென்னை மட்டையோ சாக்கோ திணித்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம். வெறும் வண்டியில் பின் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலும் பிடிப்பு கூடும். காற்று அடிக்கும் பம்பு கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டும். இறக்கிய காற்றோடு மறுபடி சரக்கு ஏற்றித் தார் ரோட்டில் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

இதே பொருளில் கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் தன் வண்டிக்குப் போன வருடமே பெரிய டயர் போட்டுவிட்டதாகவும், இனி என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். அவருக்கு மலை இறக்கம் என்பதால் கவலை கூடுதல். பெரிய டயரில் இன்ஜின் பிடித்து இழுக்கும் பலமும் குறையும், பிரேக்கின் பிடிப்பும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில், கொண்டை ஊசி வளைவில் குறைகின்றன. முதலில் டயரின் எடை எண்ணைப் பார்க்க வேண்டும். தேவைக்குக் குறைவாக இருந்தால், பட்டன் மீதம் இருந்தாலும் உடனே பழைய அளவுக்குத் திரும்புவதே நல்லது. கழற்றிய டயருக்கு ஜீப் வைத்திருப்பவர்களிடம் விலை கிடைக்கும். எண் போதுமானதாக இருந்தால், அடுத்த முறை மாற்றும்வரை சரக்கைக் குறைத்து, வழக்கமாக இறங்கும் கியருக்கு ஒரு கியர் கீழே வைத்து இறங்க வேண்டும். சரக்கோடு ஒரு முறை வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, டார்ச் அடித்து உள்பக்கம் உரசிய அடையாளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து வந்த கடிதம் சின்னது: "வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்கிறார்களே, உண்மையா?"

தலைகீழ். வெடிப்பதற்குப் பெரும் காரணமே காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அதில் பிறக்கும் சூடுதான் டயரை உள்ளிருந்து அழிக்கிறது. மேலே வெயிலும் கீழே சரக்கும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அது இயல்பு. அதைக் குறைக்கக் கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தகட்டில் வெறும் வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சரக்குக்கு ஓர் அளவும் கொடுத்திருந்தால் அதன்படியே வைக்க வேண்டும். பாதிச் சரக்குக்கு முழுக் காற்று வைத்தால் வண்டி குதித்து, அடிப்பெட்டித் தக்காளி சந்தைக்குப் போவதற்குள் நசுங்கிவிடும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். 3224 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரித்தது. கடையில் மூன்று நான்கு வருடம் கிடந்த டயரைப் புதியது என்று தள்ளுபடியில் கொடுப்பார்கள், ரப்பர் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். இருக்கிற டயரை எப்போது கழற்றுவது என்பதற்கும் அளவு உண்டு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. பட்டன் இடுக்கில் குறுக்காக ஒரு சிறு ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் நேரம் முடிந்தது. ஸ்டெப்னியில் மேடு தெரியாது, அது தேய்வதில்லை. அதில் பார்க்க வேண்டியது அந்த நான்கு இலக்க எண்ணையும் காற்றையும்தான். வாரம் ஒரு முறை நான்கு டயருக்குக் காற்று பார்க்கும்போது, வண்டிக்கு அடியில் குனிந்து ஐந்தாவதுக்கும் பார்த்துவிட வேண்டும்.